எலிசபெத்தம்மாளை விசாரித்தவர்கள் யார்?

(ஆதரவாளர் கூடுகையில் பக்கவாத வார்டு ஊழியர்கள் சார்பாக ஆற்றிய உரை)



 தூரத்துச் சேகரங்களிலிருந்து விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். உங்கள் ஜெபங்களுக்காகவும் காணிக்கைகளுக்காகவும் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். கட்டிடம் வேண்டும், கட்டில் வேண்டும், கருவி வேண்டும் என்று பலமுறை உங்கள் முன் நின்றிருக்கிறோம். இன்றைக்குக் கேட்க வந்தது கொஞ்சம் வேறு மாதிரியானது. பொறுமையாகக் கேட்கும்படி வேண்டுகிறோம்.

லூக்கா சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரம் நமக்கு நன்றாகத் தெரியும். ஆசாரியனாகிய சகரியா தூபங்காட்டத் தேவாலயத்துக்குள் போனார். பேச்சற்றவராக வெளியே வந்தார். அவருடைய அவிசுவாசத்தைக் குறித்து எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அவருடைய மனைவியைக் குறித்து அந்த அளவுக்குக் கேட்டதில்லை. நன்றாகப் பேசிவிட்டு வீட்டைவிட்டுப் போன புருஷன் ஊமையாய்த் திரும்பி வந்தால், அந்த அம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும்? முதிர்வயதில் தேவன் ஒரு பிள்ளையைத் தருகிறார். அந்தச் சந்தோஷத்தை முதலாவது யாரிடம் சொல்லிப் பேச வேண்டுமோ, அந்த மனுஷர் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

பிள்ளைக்குப் பேரிடும் நாளில் நடந்ததையும் பாருங்கள். அயலாரும் உறவின்முறையாரும் தகப்பன் பேரையே வைக்கப் பார்க்கிறார்கள். எலிசபெத்தம்மாள், யோவான் என்று வைக்க வேண்டும் என்கிறார். அந்தப் பேச்சு எடுபடவில்லை. உடனே தகப்பனிடம் சைகை காட்டிக் கேட்கிறார்கள். தேவதூதன் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது பேச்சைத்தான். ஆனாலும் சைகை காட்டுகிறார்கள்! பேச்சு வராதவருக்குக் காதும் கேளாது என்று நினைக்கிற பழக்கம் அன்றைக்கே உண்டு போலும். எங்கள் வார்டுக்கு வருகிற உறவினர்கள் கட்டிலருகே நின்று போடுகிற சத்தத்தைக் கேட்டால் இதை ஒப்புக்கொள்வீர்கள்.

அந்தப் பேர் எலிசபெத்தம்மாளுக்கு எப்படித் தெரிந்தது என்று வேதம் சொல்லவில்லை. பரிசுத்த ஆவியானவர் உணர்த்தியிருக்கலாம். சகரியா தம்முடைய எழுத்துப் பலகையில் முன்னமே எழுதிக் காட்டியிருக்கலாம் என்றும் எங்களுக்குத் தோன்றுவதுண்டு. அப்படியானால் அந்த வீட்டில் மாதக்கணக்காய் அந்தப் பலகையின் வழியாகத்தான் புருஷனும் மனைவியும் பேசியிருக்க வேண்டும்.

எங்களிடம் வருகிற சகரியாக்களுக்கு அந்தப் பலகையும் கிடையாது. இதைத்தான் முதலில் விளக்க விரும்புகிறோம்.

பக்கவாதம் மூளையின் இடது பக்கத்தைத் தாக்கும்போது, வலது கையும் காலும் விழுவதோடு பலருக்குப் பேச்சும் போய்விடுகிறது. வைத்தியர்கள் இதை அஃபேசியா என்கிறார்கள். பக்கவாதம் வந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது உண்டாகிறது. நாக்கில் குறையில்லாமல் இருக்கலாம், தொண்டையில் குறையில்லாமல் இருக்கலாம். மூளையில் மொழியைக் கையாளுகிற இடம் கெட்டுப்போகிறது. ஆகவே வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுதவும் முடிவதில்லை. வாசிப்பதும், பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வதும்கூட ஓரளவு குறைகிறது. “பேனாவும் நோட்டும் கொடுத்தோமே, ஏன் எழுத மாட்டேங்காங்க?” என்று பிள்ளைகள் எங்களிடம் கேட்காத வாரமில்லை.

எல்லாருக்கும் இது ஒரே மாதிரி வருவதில்லை. சிலருக்கு மற்றவர் சொல்வது பெரும்பாலும் விளங்கும். ஆனால் வாயில் ஒன்றிரண்டு வார்த்தைதான் வரும். 1861-ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்கு அருகே பிசேத்ர் ஆஸ்பத்திரியில் பால் புரோக்கா என்ற டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்தார். அந்த மனுஷர் 21 வருஷம் அந்த ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவர். எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்று மட்டும் சொல்வார். தாம் சொல்ல வந்தது மற்றவருக்கு விளங்காமல் போனால், கோபத்தில் ஒரு வசைச்சொல் வரும். அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்து, இடது பக்கத்தின் முன்பகுதி கெட்டிருந்ததைப் புரோக்கா காட்டினார். வேறு சிலருக்கோ பேச்சு ஆறாய் ஓடும். ஆனால் வார்த்தைகள் மாறி மாறி வரும். செருப்பைக் கேட்க நினைத்தால் தண்ணீர் என்று வரும். ஆமாம் என்பதற்கு இல்லை என்று தலையாட்டுவார்கள்.

புத்தி போய்விடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். யார் வந்தார்கள், யார் வரவில்லை, மூத்த மகன் எதற்காகக் கோபித்துக்கொண்டு போனான், தோட்டத்து வரப்பை யார் தள்ளி வைத்தது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். சொல்லத்தான் வழியில்லை.

இனி எலிசபெத்தம்மாக்களிடம் வருவோம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்களிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். நாற்பது வருஷம் வகுப்பில் நின்று பேசிய மனுஷர். பக்கவாதம் வந்தபின் அவருக்கு மிஞ்சியது ‘அதான்’ என்கிற ஒரு வார்த்தை. பசித்தாலும் அதான், கால் வலித்தாலும் அதான், பேத்தி வந்தால் சிரித்துக்கொண்டு அதான். அவருடைய மனைவி அந்த ஒரு வார்த்தையின் ராகத்தை வைத்து ஆறேழு அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஆகவே நாங்கள் எல்லாரும் அந்த அம்மாளிடமே கேட்போம். டாக்டர், “சார் என்ன சொல்றாங்கம்மா?” என்பார். உடற்பயிற்சி கொடுப்பவர் கேட்பார். பில் போடுகிறவர்கூடக் கேட்பார். அம்மாளும் சொல்லுவார்கள்.

எட்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் மத்தியானம் எங்கள் நர்சு ஒருவர் போகிற போக்கில், “நீங்க சாப்பிட்டீங்களாம்மா?” என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அந்த அம்மாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அரைமணி நேரம் அழுதார்கள். பிறகு சொன்னார்கள்: “எல்லாரும் சார் எப்படி இருக்காங்கன்னுதான் கேக்காங்க, சிஸ்டர். யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. ராத்திரி படுக்கதுக்கு முந்தி அன்னன்னைக்கு நடந்தத ரெண்டு பேரும் பேசிட்டுத்தான் ஜெபம் பண்ணுவோம். இப்பவும் நான் பேசத்தான் செய்யுதேன். சுவர்ட்ட பேசுற மாதிரி இருக்கு. ஆனா அவங்க சுவர் இல்லல்லா! கேட்டுக்கிட்டே இருக்காங்க, கண்ணு நனையுது. அதுக்காகவே சில நாள் பேசாமப் படுத்திருதேன்.”

பிரியமானவர்களே, அன்று எங்கள் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தோம். இரத்த அழுத்தம் இருந்தது, சர்க்கரை அளவு இருந்தது, ஸ்கேன் முடிவு இருந்தது. அந்த அம்மாளைப் பற்றி ‘உடனிருப்பவர்: மனைவி’ என்று இரண்டே வார்த்தைதான். மருந்து கொடுக்க, கழுவ, தூக்க, பேச்சை விளங்கச் சொல்ல என்று சம்பளமில்லாத ஆயாவாக அவர்களை வைத்திருந்தோம். மிஷன் ஆஸ்பத்திரியிலே இப்படி நடந்தது என்று உங்கள் முன் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெண்களுக்கு மட்டும் வருகிற கஷ்டம் என்றும் எண்ண வேண்டாம். வாழை விவசாயி ஒருவர் மனைவியைக் கூட்டி வந்தார். அந்த அம்மாளுக்குக் கைகால் நன்றாகவே இருந்தது. பேச்சுத்தான் நிற்காமல் ஓடும், ஒன்றும் விளங்காது. புருஷனைப் பெரியம்மா என்று கூப்பிடும். தான் தப்பாகச் சொல்கிறோம் என்பதும் அந்த அம்மாளுக்குத் தெரியாது. மற்றவர்கள்தான் வேண்டுமென்றே புரியாததுபோல் நடிக்கிறார்கள் என்று கோபம் வரும். ஊரிலே புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். சிலர் அதற்கும் மேலே போய், பிசாசின் கிரியை என்று சொல்லி, துரத்துகிறோம் என்று இரவு முழுவதும் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். மூன்று வாரம் இப்படிக் கழிந்தபின்தான் எங்களிடம் வந்தார்கள். ஜெபிக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்காரர்களாகிய நாங்கள் ஒருநாளும் சொல்ல மாட்டோம். ஆனால் திடீரென்று பேச்சு குழறினால், முதல் சில மணி நேரம் மிகவும் விலையுள்ளது. அந்த நேரத்தில் ஜெபித்துக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள்.

அந்த விவசாயி அடுப்பு மூட்டப் படித்தார்; ரேஷன் கடைக்குப் போகப் படித்தார். அதெல்லாம் பெரிதில்லை என்றார். அவருக்குப் பொறுக்க முடியாதது வேறு. “எனக்குக் கோவம் வந்தா அவதான் சிரிச்சுப் பேசி அமத்துவா. இப்ப எனக்குக் கோவமே அவகிட்டதான் வருது, டாக்டரம்மா” என்றார். சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார்.

கோவிலில் நடக்கிற ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். பேச்சிழந்த பலருக்குக் கீர்த்தனை பாட வரும். பரமண்டல ஜெபத்தைச் சபையாரோடு சேர்ந்து முழுவதும் சொல்லிவிடுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வரும். சிறுவயது முதல் ஆயிரந்தரம் சொல்லிப் பழகினவைகளும் ராகத்தோடு கூடினவைகளும், புதிதாக ஒரு வாக்கியம் அமைக்கிற வழியாக வருவதில்லை. அவற்றுக்கு மூளையின் வலது பக்கமும் உதவுகிறது என்பது வைத்தியர்கள் கருத்து. இது தெரியாதவர்கள், “பாட்டுப் பாடத் தெரியுது, பேசத் தெரியலையாக்கும்?” என்று மனைவியின் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறார்கள். சொந்த மைத்துனரே நடிப்பு என்று சொன்ன குடும்பம் ஒன்று உண்டு.

இதே காரணத்தால் வசைச்சொற்களும் தங்கிவிடுகின்றன. சபையில் மூப்பராக இருந்தவர், ஒருநாளும் கெட்ட வார்த்தை பேசாதவர், பேச முயன்று முயன்று முடியாத ஆத்திரத்தில் ஒரு வார்த்தையை உரக்கச் சொல்லிவிட்டார். நற்கருணை ஆராதனை நேரம். அதற்கப்புறம் அவர் மனைவி ஒன்றரை வருஷம் கோவில் பக்கமே வரவில்லை. பின்மாற்றம் என்று சிலர் பேசிக்கொண்டார்களாம். விசாரிக்கப் போன பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளிடம்தான் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் சபைகளிலும் திடீரென்று வராமல் நின்றுபோன பக்கவாதக் குடும்பங்கள் உண்டா என்று சற்று யோசித்துப் பாருங்கள்.

பண விஷயம் இன்னொரு பெரிய பாரம். யாருக்குக் கடன் கொடுத்தார், எங்கே சீட்டுப் போட்டார், எல்.ஐ.சி. பத்திரம் எந்தப் பெட்டியில், ஒன்றும் மனைவிக்குத் தெரியாது. தெரிந்தவரால் சொல்ல முடியாது. வலது கை விழுந்ததால் கையெழுத்து மாறிப்போகிறது. பாங்கில் திருப்பி அனுப்புகிறார்கள். புருஷனும் மனைவியும் சேர்ந்த கணக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்று நல்ல சுகத்தோடிருக்கிற உங்களுக்கும் சொல்லுகிறோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு, மொழிக் குறைபாடு சேர்க்கப்பட்டிருக்கிறது. நிரந்தரமாகிவிட்ட அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். கைகால் ஊனத்துக்குத்தான் சான்றிதழ் என்று நினைத்துப் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. எங்கள் சமூக ஊழியர் அதற்கு வழிகாட்டி வருகிறார்.

எங்கள் தவற்றை உணர்ந்தபின், புருஷன் அல்லது மனைவி பேச்சிழந்தவர்களுக்கென்று மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை சிற்றாலயத்தின் பின்னறையில் ஒரு கூடுகை ஆரம்பித்தோம். டீ, பிஸ்கட், ஒரு சிறு ஜெபம், மற்ற நேரமெல்லாம் அவர்கள் பேச வேண்டியது. இருபது பேருக்குச் சொல்லி அனுப்பினோம். மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார், நாங்களும் எழுப்பவில்லை. மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று விசாரித்தால், எல்லாருக்கும் ஒரே பதில்: “வீட்ல யார விட்டுட்டு வர?” மகன் சென்னையில், மகள் வளைகுடாவில். பக்கத்து வீட்டார் பத்து நிமிஷம் உட்காருவார்கள்; அவர் ஏதாவது சொல்ல முயன்றதும் பயந்து எழுந்துவிடுவார்கள்.

ஆகவே எங்களுக்கு வேண்டியது, வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் பயப்படாமல் உட்காரக்கூடிய ஆட்கள்.

இது புதிதாய் நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 1965-ஆம் ஆண்டில் பட்ரீஷியா நீல் என்ற அமெரிக்க நடிகைக்கு மூளையில் இரத்தக்கசிவு உண்டாகிப் பேச்சு போயிற்று. அப்போது அவர் கர்ப்பவதி. கணவர், குழந்தைகளுக்குக் கதை எழுதிய ரோல்ட் டால். இங்கிலாந்தில் தாங்கள் வசித்த கிராமத்து அயலாரை முறைவைத்து வரச்சொல்லி, தினமும் மணிக்கணக்காக அவரோடு பேசவும் வாசிக்கவும் ஏற்பாடு செய்தார். அவர்களில் யாரும் டாக்டர் அல்ல. அந்த அம்மாள் சுகமான குழந்தையைப் பெற்றார். பிறகு மறுபடியும் படத்தில் நடித்தார். அப்படி வந்த வலரி ஈட்டன் கிரிஃபித் என்ற அயலார் தம் அனுபவத்தை 1970-இல் புத்தகமாக எழுத, மற்றவர்களும் அந்த வழியைப் பின்பற்றினார்கள். டால் மிகவும் கண்டிப்பாக நடந்துகொண்டார் என்பாரும் உண்டு. அவர்களுடைய திருமணமும் 1983-இல் முறிந்தது. எல்லாம் நன்மையாய் முடிந்த கதை என்று உங்களிடம் சொல்ல மாட்டோம்.

கனடாவின் டொரோண்டோ நகரில் 1979-இல் அஃபேசியாவுக்கென்று ஒரு நிலையத்தைத் தொடங்கியவரும், கணவர் பேச்சிழந்ததால் தவித்த ஒரு மனைவிதான். பாட் அராட்டோ என்று பெயர். அங்கே ஆரா கேகன் என்பவரும் மற்றவர்களும் செய்த ஆய்வு 2001-இல் வெளியானது. தன்னார்வலர் 20 பேருக்குப் பேச்சிழந்தவரோடு உரையாடுவது எப்படி என்று பயிற்சி கொடுத்தார்கள். இன்னும் 20 பேருக்குக் கொடுக்கவில்லை. பயிற்சி பெற்றவர்களோடு பேசும்போது, நோயாளிகள் தங்கள் கருத்தைத் தெரிவிப்பதும் நன்றாயிருந்தது. கவனியுங்கள், நோயாளிக்கு ஒரு பயிற்சியும் கொடுக்கப்படவில்லை! எதிரே உட்கார்ந்தவர் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்படி என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? டி.வி.யை நிறுத்திவிட்டு எதிரே உட்காருங்கள். சத்தம் போட வேண்டாம். சற்று நிதானமாக, சிறு வாக்கியமாகப் பேசினால் போதும். ஒரு நேரத்தில் ஒரே விஷயம். முக்கியமான வார்த்தையைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். படம், காலண்டர், செல்பேசியில் உள்ள குடும்பப் போட்டோ, எதையும் உபயோகிக்கலாம். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாய்க் கேட்டு, சரிதானா என்று இன்னொருமுறை உறுதிப்படுத்துங்கள். அவர் வார்த்தையைத் தேடும்போது காத்திருங்கள். எங்கள் ஊழியர்களுக்கே இதுதான் மிகவும் கடினமாயிருந்தது. விளங்காவிட்டால் விளங்கியதுபோல் தலையாட்டாதீர்கள். எனக்குப் புரியவில்லை, மறுபடியும் பார்ப்போம் என்று சொல்லுங்கள். கரண்டியைத் தூக்கிக் காட்டி “இது என்ன சொல்லுங்க பார்ப்போம்” என்று தலைமையாசிரியருக்குப் பரீட்சை வைக்க வேண்டாம். அவர் எதிரே இருக்கும்போது அவரைப் பற்றி மனைவியிடம் கேட்கவும் வேண்டாம், அவரிடமே கேளுங்கள். ஒரே சனிக்கிழமையில் இதையெல்லாம் எங்கள் பேச்சுப் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்துவிடுவார்.

இன்னொன்று. ஆறு மாதம், ஒரு வருஷத்துக்கு மேல் பேச்சில் முன்னேற்றம் வராது என்று ஒரு காலத்தில் நாங்களும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். அது சரியல்ல. முதல் சில மாதங்களில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும், வருஷக்கணக்கில் முன்னேற்றம் உண்டாகலாம். எல்லாருக்கும் பேச்சு முழுவதும் திரும்பிவிடும் என்று வாக்குக் கொடுக்கவும் எங்களால் முடியாது. பேசக்கூடியவர்கள் வீட்டுக்கு வந்துபோனால் பேச்சுக்கு ஓர் அவசியம் இருக்கும். அது இல்லாத வீட்டில், வந்த இரண்டு வார்த்தையும் போய்விடுகிறது.

தலைமையாசிரியர் வீட்டுக்கு இப்போது வியாழக்கிழமைதோறும் ஒரு சேகரத்திலிருந்து இரண்டு சகோதரர்கள் மாற்றி மாற்றிப் போகிறார்கள். ஒருவர் அவரிடம் படித்தவர். பழைய வகுப்புப் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாய்ப் பார்க்கிறார்கள். சாரும் அதான், அதான் என்று விரலால் காட்டிச் சிரிக்கிறார். போன மாதம் ஒரு பையனின் பேரைத் தெளிவாகச் சொன்னாராம். முதல் வியாழக்கிழமை அம்மாள் எங்கே போனார்கள் தெரியுமா? தங்கச்சி வீட்டுக்குப் போகப் புறப்பட்டவர்கள், பக்கத்து வீட்டுத் திண்ணை வரைக்கும்தான் போனார்கள். அங்கேயே முந்தானையை விரித்துப் படுத்து இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டார்கள். மூன்றாவது வாரந்தான் தங்கச்சி வீட்டுக்குப் போனார்கள். இப்போது சனிக்கிழமைக் கூடுகைக்கும் வருகிறார்கள். புதிதாய் வருகிறவர்களிடம் எங்களைவிட நன்றாகப் பேசுகிறார்கள்.

பேச்சுப் பயிற்சியாளரின் சம்பளத்துக்கும், கூடுகைக்கு வருகிறவர்களின் பஸ் கட்டணத்துக்கும், படப் புத்தகங்களுக்கும் பணம் தேவைதான். அதற்கான காணிக்கை உறைகள் வழக்கம்போல உங்கள் நாற்காலியில் இருக்கின்றன. ஆனால் வாசலருகே மேஜைமேல் ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போகுமுன் அதில் உங்கள் பேர், சேகரம், வாரத்தில் எந்தக் கிழமை இரண்டு மணி நேரம் வர முடியும் என்பதை எழுதுங்கள். ஆண்களும் எழுத வேண்டும்; பேச்சிழந்த ஆண்களோடு உட்கார ஆண்கள் கிடைப்பது கஷ்டமாயிருக்கிறது. உங்கள் சபையில் இப்படிப்பட்ட குடும்பம் இருந்தால் கடைசிப் பக்கத்தில் குறியுங்கள். நோயாளியின் பேரோடு, அவருடைய மனைவியின் அல்லது கணவரின் பேரையும் மறவாமல் எழுதுங்கள்.